லயத்துப் பலகையைக் கொளுத்த வேண்டாம்

 

கோயில் பின்னால கிடக்கிற பழைய லயத்துப் பலகைகளை ஞாயிற்றுக்கிழமை கொளுத்திடலாம்னு சிலர் சொல்றாங்க. வேண்டாம் என்பது தொண்டர்களான எங்கள் கருத்து.

லயத்து வாழ்க்கை சொர்க்கம்னு நாங்க சொல்லலை. வேலை போனா வீடும் போச்சு. ஆனா ஒரே ரூம்ல எட்டுப் பேர் இருந்தப்போ, அப்பா அடிச்ச பெஞ்சுதான் பகல்ல உட்கார, ராத்திரி படுக்க. அதுக்குக் கீழே அரிசி டின். இன்னைக்கு மலிவுவிலை பிளாட்ல தவணைக்குப் பெரிய சோபா எடுக்கிறோம். நடக்க இடமில்லை, தவணையும் முடியலை.

கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்குது. நம்ம பெற்றோர் ரப்பர் மரத்துல 25, 30 வருஷம் பால் வெட்டினாங்க. அப்புறம் மரத்தைச் சாய்ச்சா, அது அடுப்பு விறகு. இன்னைக்கு அதே மரம் மேசை நாற்காலியாகி வெளிநாடு போகுது. விறகுன்னு நாம ஒதுக்கினது எல்லாம் விறகில்லை.

அன்னதானத்துல தரையில உட்கார முடியாத பெரியவங்க நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க. முதல் பத்து பெஞ்சு அவங்களுக்கு. அப்புறம் சிறிய வீட்டுல இருக்கிற குடும்பங்களுக்கு.

பலகை பத்தலைன்னா பேலட் கொண்டு வாங்க. ‘எச்டி’ முத்திரை இருந்தா சூடு காட்டின மரம், எடுக்கலாம். ‘எம்பி’ இருந்தா விஷவாயு அடிச்சது, தொடாதீங்க. ஆணியை எல்லாம் பிடுங்கின பிறகுதான் ரம்பம்.

ஞாயிறு காலை தீப்பெட்டி வேண்டாம், சுத்தியலோட வாங்க.