உழைச்சது மகன், பேரு அப்பாவுக்கு

"ஆதார் இருக்கு, பான் இருக்கு, பி.எஃப். நம்பர் இருக்கு. இதுல ஆர்கிட்னு இன்னொண்ணா? அதெல்லாம் புரொபசருங்க சமாச்சாரம்யா." ஒரகடம் டீக்கடையில எந்த இன்ஜினியர்கிட்ட பேச்சைக் கொடுத்தாலும் இதேதான். கெட்ட கோவம் வருது மக்கா.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். செல்வராஜ் மகன் குமார்னா எஸ்.குமார். ஆய்விதழ் படிவத்துல 'சர்நேம்' கேக்குறான், அப்பா பேரைப் போடுறோம். அப்புறம் மேற்கோள் காட்டுற எல்லாரும் "செல்வராஜ், கே." என்றே எழுதுவாங்க. ராத்திரி பகலா உழைச்சது மகன், பேர் வாங்கினது லேப் பக்கமே போகாத அப்பா :-) அடுத்த கட்டுரையில அதே ஆளு "குமார், எஸ்." ஆயிடுவார். கம்பெனி பஸ்ஸை நிறுத்தி அந்தப் பேரைக் கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க!

2012 அக்டோபர்ல ஆரம்பிச்ச ஆர்கிட் இந்தக் குழப்பத்துக்குத்தான். 16 இலக்கம், காசு கிடையாது. பேரை எப்படித் திருப்பிப் போட்டாலும் நம்பர் ஒண்ணுதான். முக்கியமா, அது உங்க சொத்து, கம்பெனி சொத்து இல்ல.

புரியலைன்னா பி.எஃப்.ஐ நினைச்சுப் பாருங்க. முன்னெல்லாம் கம்பெனி மாறினா கணக்கு நம்பரும் மாறும், பழைய பணம் அங்கேயே தூங்கும். 2014ல 12 இலக்க யூ.ஏ.என். வந்தப்புறம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் போனாலும் அதே நம்பர் கூடவே வருது. காசு கூட வரணும், செஞ்ச வேலை மட்டும் பழைய கம்பெனியிலயே கிடக்கணுமா?

ஆனா நம்பர் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ற கல்லூரிக்காரங்களையும் நம்பாதீங்க. அங்கீகாரக் கமிட்டி வருதுன்னா எல்லார் நம்பரையும் வாங்கி எக்செல்ல ஏத்துவாங்க, அவ்வளவுதான். நான் இருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியில மூணு பேர் ஆறு மாசம் அதிர்வுச் சோதனையோட மல்லுக்கட்டினோம். கருத்தரங்குல வாசிச்ச கட்டுரையில ரெண்டு மேனேஜர் பேர்தான் இருந்துச்சு. பேரே இல்லாத இடத்துல நம்பர் என்னத்தைப் பண்ணும்?

அதனால கேட்டு வாங்குங்க சாமி. உரிமை கம்பெனிக்கே போனாலும், கண்டுபிடிச்சவர் பேரைக் காப்புரிமையில குறிப்பிடச் சொல்லிக் கேக்க 1970ஆம் வருஷச் சட்டத்துல 28ஆம் பிரிவு இருக்கு. நம்ம பக்கத்துல எத்தனை பேர் அதை எடுத்துப் படிச்சிருப்பாங்க?

டிஸ்கி: ஆர்கிட்ல பதியும்போது சொந்த மெயிலையும் கொடுங்க, வேலையை விட்டா கம்பெனி மெயில் போயிடும். 'வேறு பெயர்கள்'னு இருக்குற இடத்துல தமிழ்லயும் பேரை எழுதலாம். கடைசி இலக்கம் எக்ஸ்னு வந்தா பதறாதீங்க, அது சரிபார்ப்பு எழுத்து.