செகண்ட் ஹேண்ட் ‘குட்டி யானை’ வாங்கப் போகிறீர்களா? வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று முதலில் பாருங்கள்

பாகூரில் நெல் மூட்டை, வில்லியனூரில் மண்பாண்டம், வழியெங்கும் காய்கறி, செங்கல், வாழைத்தார். புதுச்சேரி கிராமங்களின் சரக்கில் பெரும்பகுதியைச் சுமப்பவை சிறிய பிக்கப் வண்டிகள்தான். புதிது வாங்க முடியாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். தவணை கட்டிக்கொண்டே ஓட்டுபவரின் வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் வாடகையும் போச்சு, வாடிக்கையாளரும் போச்சு. அதனால் ‘எந்த கம்பெனி?’ என்பதைவிட, ‘இந்த வண்டி இதுவரை என்ன பாடுபட்டது?’ என்பதே முக்கியமான கேள்வி.

2024 வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகி பாகூர் பகுதி கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம். அப்போது நீரில் நின்ற வண்டியைக் கழுவி, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் வயரிங் இணைப்புகளில் பிடித்த துரு, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா?
• கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.
• ஹெட்லைட்டுக்குள், தரை விரிப்புக்கு அடியில் வண்டல் படிந்துள்ளதா?
• பழைய காப்பீட்டு பாலிசியைக் கேளுங்கள். வெள்ளத்துக்கு இழப்பீடு வாங்கப்பட்டதா என்று விற்பவர் மூலமே விசாரிக்கலாம்.

சேஸிஸில் வெல்டிங் தழும்பு, பின்பக்கம் கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டை ஆகியவை அளவுக்கு மீறி பாரம் ஏற்றியதன் அடையாளங்கள்.

பி.எஸ்.4 நல்லதா, பி.எஸ்.6 நல்லதா?

2005-ல் வந்த டாடா ஏஸின் இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின் எளிமையானது. ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சென்சார்கள் அதிகம்; புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் பொதுவாக இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பழையதே மேல் என்றும் சொல்ல முடியாது. சரக்கு வண்டிக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பேப்பர் சரியாக இல்லாவிட்டால்?

இங்கே புதுச்சேரி கிராமமும் தமிழ்நாட்டு கிராமமும் மாறி மாறி வரும். கடலூர், விழுப்புரத்திலிருந்து டி.என். நம்பர் வண்டி வாங்கினால், அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு கட்டாயம். பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடன் பாக்கி ஆர்.சி.யில் நிற்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வண்டி பலர் கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சு இருவருக்குமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று: காலி வண்டியை ஓட்டிப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட பாரத்தை ஏற்றி, ஏதாவது ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். கிளட்ச், பிரேக், எஞ்சின் மூன்றின் உண்மையான நிலையும் அங்கே தெரிந்துவிடும்.