அக்கறையின் பெயரால் பறிப்பது

முதியோர் நலம் என்றதும் நம் பேச்சு சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று மருந்துச் சீட்டையே சுற்றுகிறது. தன் நாளைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு பறிபோனாலும் உடல் தளரும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் இதைச் சோதித்தார்கள். ஒரு தளத்தாரிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இரவு படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியும் வளர்க்கத் தந்தார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி உண்டு. தண்ணீர் ஊற்றுவது செவிலியர். சில வாரங்களிலேயே முதல் தளத்தாரிடம் சுறுசுறுப்பு கூடியிருந்தது. 18 மாதங்களுக்குப் பின் இறப்பு விகிதம் அங்கே 15%, மற்ற தளத்தில் 30%. (இந்த இறப்புக் கணக்கில் இருந்த புள்ளியியல் பிழையை ஆய்வாளர்களே பிற்பாடு திருத்தினார்கள், நூறு பேர்கூட இல்லாத ஆய்வு. இதை மட்டும் நம்பிவிட முடியாது.)

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரின் தரவுகளை ஆய்வாளர் பெக்கா லெவியின் குழுவினர் 2002-ல் அலசினார்கள். தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்தானே நல்லவிதமாக நினைப்பார் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. உடல் செயல்திறன், பொருளாதார நிலை, தனிமை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்ற பேச்சை நாள்தோறும் காதில் வாங்குகிறவருக்கு அந்த நல்லெண்ணம் எங்கிருந்து வரும்?

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவரிடம் போய்ச் செடியையும் சினிமாவையும் பேசுவதா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. ஆனால், ஏழைக்குத்தான் தீர்மானிக்கும் உரிமை முதலில் பறிபோகிறது. முதியோர் உதவித்தொகை மாதந்தோறும் வந்தாலும், ஏடிஎம் அட்டை மகனின் பையில் இருந்தால் அது பாட்டியின் பணமல்ல. ஒரே வீட்டில் பிள்ளைகளோடு இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. ‘விழுந்துவிட்டால்?’ என்ற பயமும் பொய்யில்லை. அதற்குக் குளியலறையில் கைப்பிடி பொருத்தலாம், கடைக்குப் போவதையே தடுக்க வேண்டியதில்லை. மறதிநோய் முற்றியவரிடம் சொத்துப் பத்திரத்தைக் கொடுக்க முடியாதுதான். இன்று எந்தச் சட்டை என்று அவரிடமும் கேட்கலாம். முதியோர் இல்லங்களில் சமையலறையையும் கழிப்பறையையும் சோதிக்கும் அதிகாரிகள், நாளைக்கு என்ன சமைப்பது என்று அங்கே வசிப்பவர்களை யாராவது கேட்கிறார்களா என்பதையும் விசாரித்து எழுதட்டும்.