வாடகைக்கு விடப்பட்ட யாமம்

அகப்பொருள் இலக்கணம் பயின்றவர்கள் இரவுக்குறி இடையீட்டை மறந்திருக்க மாட்டார்கள். தலைவனும் தலைவியும் இரவில் சந்திக்க இயலாமற்போவதற்கு நம் இலக்கணிகள் கண்ட தடைகளுள் தாய் உறங்காதிருப்பது ஒன்று, நாய் உறங்காதிருப்பது ஒன்று, நிலவு வெளிப்படுவதும் ஒன்று. முழுநிலவு தரையில் தரும் வெளிச்சம் ஏறத்தாழக் கால் லக்ஸ். அந்தக் கால் லக்ஸையே இடையூறாகக் கணக்கில் கொண்ட மொழி இது. யாமத்தைக் குறிஞ்சிக்குரிய சிறுபொழுதாக வகுத்த மரபு இது. அந்த யாமம்தான் இன்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகிறது.

சென்னையின் தென்புறநகர்களைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் புதிதாக எழும் அடுக்ககங்களின் நடுவே ‘டர்ஃப்’ என்றழைக்கப்படும் செயற்கைப்புல் ஆடுகளங்கள் முளைத்திருக்கின்றன. நாற்புறமும் வலை, மூலைக்கு மூலை எல்.இ.டி. விளக்குகள். பகல் வெயிலில் ஆடுவோர் குறைவு; வேலை முடித்து வரும் இளைஞர்களுக்கு இரவுதான் மைதானம். அவர்கள் ஆடட்டும். தெருவில் பந்தாட இடமில்லாமற் செய்துவிட்ட நகரம் இதையாவது அவர்களுக்குத் தரவேண்டும். என் வழக்கு ஆட்டக்காரர்களோடு அன்று. பந்துக்கு வலை கட்டத் தெரிந்தும் வெளிச்சத்துக்கு எல்லை கட்டாதவர்களோடு. பந்து அடுத்த வீட்டுக்குள் விழுந்தால் மன்னிப்புக் கேட்கிறோம். ஒளி நள்ளிரவுவரை அடுத்த வீட்டுப் படுக்கையறையில் விழுந்து கிடக்கிறது, அதைக் கேட்பாரில்லை.

இதில் தொழில்நுட்பப் புதிர் எதுவுமில்லை. செலவைக் குறைக்கக் குட்டைக் கம்பம் நடுகிறார்கள். களத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டவேண்டுமே என்று விளக்கின் முகத்தை நிமிர்த்துகிறார்கள். நிமிர்ந்த விளக்கு புல்லைப் பார்ப்பதைவிட எதிர்வீட்டு மூன்றாம் மாடியைத்தான் அதிகம் பார்க்கிறது. கம்பத்தை உயர்த்தி, விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, மறைப்புத் தகடு பொருத்தினால் களமும் துலங்கும், சன்னலும் தப்பிக்கும். பொழுதுபோக்குக் கால்பந்துக்கு ஐரோப்பியத் தரநிலை கேட்பது 75 லக்ஸ். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2017இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியோ, நகர்ப்புறக் குடியிருப்பின் சன்னலில் விழும் அயல் ஒளிக்கு வரம்பு சொல்கிறது: குறித்த நேரம்வரை 10 லக்ஸ், இரவு முதிர்ந்தபின் 2 லக்ஸ். ஆக, அளவுகோல் இருக்கிறது. அளக்க மனமில்லை.

வழக்கமாக வரும் மறுப்புகள் மூன்று.

‘திரை போட்டுக்கொள்ளுங்கள்’ என்பது முதலாவது. சித்திரை மாத இரவில் சன்னலை மூடித் திரையிட்டுக்கொள்வது குளிர்சாதனம் வாங்கியவனுக்கு எளிது. காற்றை நம்பித் தூங்குகிறவன் வெளிச்சத்தைத் தடுக்கக் காற்றையும் இழக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பெரும்பாக்கத்தை ஒட்டிக் கிடக்கிறது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அங்கே வந்திறங்கும் பறவைகள் எந்தக் கடையில் திரை வாங்கும்?

‘வெளிச்சம் பாதுகாப்பு’ என்பது இரண்டாவது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு பார்வையைப் பறிக்கிறது. அந்தப் பிரகாசத்துக்குச் சுருங்கிய கண்பாவைக்குப் பக்கத்துச் சந்து முன்னைவிட இருட்டாகவே தெரியும். அந்தச் சந்தில் நடந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு டர்ஃபின் ஒளியால் ஆவது ஒன்றுமில்லை.

மூன்றாவது மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். ‘இருளை ரசிப்பது விளக்கு கிடைத்தவர்களின் சொகுசு’ என்கிறார்கள். உண்மைதான். ஊர்த்தெருவுக்கு வந்த மின்கம்பம் சேரித்தெருவுக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை மறந்துவிட்டு நிலவைப் பாடும் கவிமனம் எனக்கும் உவப்பானதன்று. ஆனால் விளக்கில்லாத தெருவுக்கு விளக்குக் கேட்பதும், படுக்கையறைக்கு இருள் கேட்பதும் ஒரே நீதியின் பாற்பட்டவை. ஒளி தேவைப்பட்ட இடத்துக்குப் போகவேண்டும் என்பதே இரண்டும் சொல்வது.

உறக்கம் ரசனை சார்ந்த விஷயமும் அன்று. உடலுக்குள் ஓடும் நாள்கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது கண்ணில் விழும் ஒளி. நீலம் மிகுந்த வெண்ணொளி, உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தணிக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? ஒலி மாசுக்கு இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று அது வரம்பிட்டது. ஒளிக்கு அதற்கிணையான தேசிய விதி இன்றும் இல்லை. செக் குடியரசு 2002இலேயே ஒளி மாசுக்குச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் அயல் ஒளி 2006 முதல் சட்டப்படியான தொல்லை. பிரான்சு 2018இல் விரிவான ஆணை பிறப்பித்தது. காதைக் காத்த நாம் கண்ணைக் கைவிட்டோம்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் சாலை நீங்கலாகப் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்கச் சொல்கின்றன. வெளியை ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு இரவையும் ஒதுக்கத் தெரியவேண்டும். திட்ட அனுமதி கோரும்போதே, விளையாட்டுத் திடல் உள்ள ஒவ்வொரு வளாகமும் ஒளி வரைபடம் ஒன்றைத் தரவேண்டும் என்று விதி செய்யட்டும். கட்டி முடித்தபின் கம்பத்தை மாற்றச் சொன்னால் எவரும் மாற்றமாட்டார்கள்.

விதி வரும்வரை நமக்கும் வேலை இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் பலர் அடுக்ககவாசிகள். உங்கள் குடியிருப்போர் சங்கம் புதிய ஆடுகளத்துக்குத் தீர்மானம் கொண்டுவரும் நாளில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கம்பம் எவ்வளவு உயரம்? விளக்கு எங்கே பார்க்கிறது? சுற்றுச்சுவருக்கு அப்பாலுள்ள சன்னலில் எத்தனை லக்ஸ் விழும்? எத்தனை மணிக்கு அணையும்? பதில் இல்லையென்றால் கையைத் தூக்காதீர்கள்.