பூட்டு எந்தக் கதவுக்கு?

லினக்ஸ் முதலான திறந்த மூல இயங்குதளங்களை உபயோகிக்கும் தோழர்களில் பலர், "எங்கள் கணினிக்கு ஆபத்தே கிடையாது, அதன் நிரல் முழுவதும் எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையாய் இருக்கின்றது" என்று பெருமை பேசிக்கொள்ளுகின்றார்கள். நிரலை யாரும் பார்க்கலாம் என்பது பெரிய உரிமைதான். ஆனால் பார்க்கலாம் என்பதும், பார்த்தார்கள் என்பதும் ஒன்றாகிவிடுமா? 2006-ம் வருஷத்தில் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், இரகசியச் சாவிகளை உண்டாக்கும் நிரலில் செய்த ஒரு திருத்தத்தால், அச்சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவைகளாய்ப் போய்விட்டன. நிரல் உலகத்தார் முன் திறந்தே கிடந்தது. அப்படியிருந்தும் 2008 மே மாதத்தில்தான் குற்றம் வெளிப்பட்டது. ஆகவே, திறந்திருப்பது ஒன்றே காவலாகிவிடாது.

நிற்க, இருக்கின்ற காவல்தான் எதைக் காக்கின்றது? லினக்ஸ் பின்பற்றுகின்ற யூனிக்ஸ் முறை 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. ஒருவர் கோப்பை மற்றவர் தொடக்கூடாது, இயங்குதளத்தை நிர்வாகியைத் தவிர யாரும் மாற்றக்கூடாது என்று விதி செய்தார்கள். அன்றைக்கு அது நியாயம். இன்றைக்கோ பெரும்பாலும் ஒரு மேஜைக் கணினிக்கு ஒரே ஆள். அவர் இயக்கும் நிரல்களெல்லாம் அவர் பெயராலேயே ஓடுவதால், தனியாக அடைத்துவைக்காதவரை, ஒரு விளையாட்டு நிரல்கூட அவருடைய கடிதங்களையும் கணக்குகளையும் வாசித்துவிடலாம். கடவுச்சொல் கேட்டுக் காக்கப்படுவதோ, கெட்டுப்போனால் மறுபடி நிறுவிக்கொள்ளக்கூடிய இயங்குதளம்! இது மாட்டுக் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பணப்பெட்டியைத் திண்ணையில் வைத்ததற்கு ஒப்பாகும். முன்னோர் செய்த ஏற்பாடு என்பதற்காக, காரணம் மாறிய பின்னும் அதையே கட்டி அழுவதா?

திரையின் சங்கதியும் இப்படியே. 1987-ல் வந்த எக்ஸ்11 முறையில், ஒரு ஜன்னலில் நீங்கள் தட்டும் எழுத்துக்களை வேறொரு நிரல் ஒட்டுக்கேட்க முடியும். 2008-ல் தொடங்கிய வேலண்ட் முறை இதைத் தடுத்தது. உடனே கூச்சல் கிளம்பிற்று: திரையைப் பிறருக்குக் காட்ட முடியவில்லை, குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை, கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் நிரல்கள் தடுமாறுகின்றன என்றார்கள். இதைச் சோம்பேறிகளின் புலம்பல் என்று தள்ளுவது நியாயமாகாது. கண் தெரியாதவருக்கு அந்த நிரல் சௌகரியமல்ல, கணினியே அதுதான். அவரை வெளியே நிறுத்திவிட்டு வீடு பத்திரமாயிருக்கின்றது என்பது என்ன பத்திரம்?

ஆனால் தொல்லைக்குப் பயந்து காவலையே விட்டுவிடுவதும் தப்பு. நிரல்களைத் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டவே பிளாட்பாக் என்னும் ஏற்பாடு வந்தது. அதிலும், உடையவரின் கோப்புகள் முழுவதும் தனக்கு வேண்டுமென்று நிரல் செய்தவரே எழுதி வைத்துவிட்டால், நிறுவும்போதே அந்த உரிமை கிடைத்துவிடுகின்றது. பிறகு அறை எதற்கு, சுவர் எதற்கு?

அப்படியானால் பத்திரமும் சௌகரியமும் சேரவே சேராதா என்றால், சேரும். அதே பிளாட்பாக்கில், கோப்பைத் திறக்கும் பெட்டியை நிரல் காட்டாமல், அதற்கு வெளியேயிருந்து இயங்குதளமே காட்டும் முறையும் இருக்கின்றது. நீங்கள் எந்தக் கோப்பைத் தொடுகின்றீர்களோ, அது மாத்திரம் நிரலுக்குப் போகும். நீங்கள் தேர்ந்தெடுத்ததே அனுமதி. தனியாக ஒரு கேள்வியுமில்லை, தொல்லையுமில்லை. காவல் என்றால் இதுவல்லவா காவல்?

ஓயாமல் கேள்வி கேட்கும் காவல், மனிதனை வாசியாமலே "சரி" என்று அழுத்தப் பழக்குகின்றது. ஆகவே இயங்குதளம் செய்வோர், நேர்வழியையே சுலபவழியாக்க வேண்டும். உபயோகிப்போரோ, ஒவ்வொரு நிரலும் உரிமை கேட்கும்போது "இது உனக்கு எதற்கு?" என்று கேட்க வேண்டும். சரியான பதில் இல்லாத நிரலுக்கு உங்கள் வீட்டில் இடம் கொடாதீர்கள்.