சொந்த வீடும் அண்டை வீட்டாரின் ஒப்புதலும்



ஒருவர் தம் சொந்த நிலத்தில், தாம் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு வீடு கட்டுகிறார். அதன் கூரை எப்பக்கம் சரிய வேண்டும், சுவர் எந்நிறத்தில் இருக்க வேண்டும், வாயில் விளக்கு எத்திசையில் ஒளி வீச வேண்டும் என்பனவற்றை அண்டை வீட்டார் கூடி முடிவு செய்யலாமா? கூடாது என்றே நம் உள்ளம் உடனே விடை கூறும். ஆயினும், அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் இத்தகைய ஏற்பாட்டுக்கு உட்பட்டே வாழ்ந்து வருகின்றனர். அங்கே வீடு வாங்கிக் குடியேறிய நம் பிள்ளைகளில் பலரும் இதனை அறிவர்.

ஏற்பாடு இதுதான். மனைப்பிரிவை உருவாக்கும் நிறுவனம், மனைகளை விற்பதற்கு முன்னரே சில நிபந்தனைகளை எழுதி அரசுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுகிறது. பின்னர் மனை வாங்குபவர் எவராயினும் அந்நிபந்தனைகளையும் சேர்த்தே வாங்குகிறார். வீட்டுரிமையாளர் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆகிவிடுகிறார். புதிய வீடு கட்டவோ, பழைய வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவோ எண்ணினால், வரைபடத்தைச் சங்கத்தின் வடிவமைப்புக் குழுவிடம் அளித்து ஒப்புதல் பெற வேண்டும். கட்டடம் உறுதியானதா, பாதுகாப்பானதா என்று பார்த்து அரசு தரும் அனுமதி வேறு; இவ்வொப்புதல் வேறு.

இவ்வேற்பாட்டின் நன்மையை அறிய, கலிபோர்னியா மாநிலத்தின் சோனோமா மாவட்டத்திலுள்ள 'சீ ராஞ்ச்' என்னும் கடற்கரைக் குடியிருப்பைப் பார்ப்போம். முன்பு ஆடுகள் மேய்ந்த நிலம் அது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கரையில், 1960களில் லாரன்ஸ் ஹால்ப்ரின் என்னும் நிலவடிவமைப்பாளர் திட்டம் வகுத்தார். வரைகோலை எடுப்பதற்கு முன் அவர் அங்கு வீசும் காற்றை ஆராய்ந்தார். பழைய பண்ணைக்காரர்கள் காற்றைத் தடுக்க வரிசையாக நட்டிருந்த சைப்ரஸ் மரங்களைக் கண்டு, அவற்றை ஒட்டி வீடுகள் நெருங்கி அமையட்டும், நடுவிலுள்ள புல்வெளி அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வகுத்தார். சார்லஸ் மூர், ஜோசப் எஷரிக் முதலிய கட்டடக் கலைஞர்கள், கடற்காற்று மேலேறிச் செல்லுமாறு சரிந்த கூரைகளையும், வண்ணம் பூசாத மரச்சுவர்களையும் கொண்ட வீடுகளை அமைத்தனர்.

அன்று தொட்டு, அங்கு எழும்பும் ஒவ்வொரு வீட்டின் வரைபடமும் வடிவமைப்புக் குழுவின் முன் வைக்கப்படுகிறது. இவ்வீடு பின்வீட்டுக்காரரின் கடற்காட்சியை மறைக்கிறதா? இதன் விளக்கு அயலாரின் உறக்கத்தையும் இரவு வானின் இருளையும் கெடுக்கிறதா? கண்ணைக் கூசச் செய்யும் பளபளப்பு இதில் உண்டா? இவைபோன்ற வினாக்களை அக்குழு எழுப்புகிறது. தம் சுவர் எங்கே முடிகிறதோ, அங்கேதான் அயலாரின் வெளிச்சமும் காற்றும் தொடங்குகின்றன என்பதை வீடு கட்டுபவர் எளிதில் மறந்துவிடுகிறார். அதனை நினைவூட்ட ஒரு குழு இருப்பதில் குற்றமில்லை. அண்டை வீட்டாரின் உரிமை நம் இல்லங்களுக்குப் புதிய பாடமும் அன்று.

ஆனால், நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கூரையையும் சுவரையும் பற்றி எழுதப்பட்ட இதே வகை நிபந்தனைப் பத்திரங்களில், மனிதரின் நிறத்தைப் பற்றியும் ஒரு காலத்தில் எழுதப்பட்டிருந்தது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு தெருவின் வீட்டுரிமையாளர்கள் பலர் 1911இல் கூடி, கறுப்பினத்தவர் எவரும் ஐம்பது ஆண்டுகளுக்கு அங்குக் குடியிருக்கலாகாது என்று ஒப்பந்தம் செய்து பதிவு செய்தனர். 1945இல் ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பம் அத்தெருவில் ஒரு வீட்டை வாங்கியது. அவர்களை வெளியேற்றுமாறு அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றிக் கொடுக்க இயலாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேறுபாடு காட்டுவதை நாடு முழுதும் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் பிறந்தது.

சீ ராஞ்ச் குடியிருப்பும் குறையற்றதன்று. அழகிய அக்கரை, அங்கு வீடு உடையவர்களுக்கு மட்டுமே உரியது என்றாகிவிடுமோ எனப் பொதுமக்கள் அஞ்சினர். கலிபோர்னியாக் கடற்கரையைக் காக்கும் திட்டத்துக்கு வாக்காளர்கள் 1972இல் ஒப்புதல் அளித்ததற்கு இவ்விவகாரமும் ஒரு காரணமாயிற்று. அதன்பின் அங்குப் புதிய வீடுகள் எழுவது ஆண்டுக்கணக்கில் தடைபட்டது. 1980இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வாயிலாகப் பொதுமக்கள் கரைக்குச் செல்லப் பாதைகள் விடப்பட்ட பிறகே சிக்கல் தீர்ந்தது. உள்ளே இருப்பவர்களின் கண்ணுக்கு இனிமையைத் தேடிய ஏற்பாடு, வெளியே நிற்பவர்களை மறந்ததன் விளைவு அது.

இவ்வனுபவங்களால் சட்டம் சங்கங்களுக்கு எல்லை வகுத்தது. வீட்டுரிமையாளர் தம் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதைச் சங்கம் தகுந்த காரணமின்றித் தடுக்கலாகாது என்று 1978இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. ஒரு மீட்டருக்கு மிகாத தொலைக்காட்சி வட்டத்தட்டைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையை 1996இல் மத்திய அரசின் ஆணை காத்தது. மேலும், வரைபடத்தை மறுக்கும் குழு அதன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுக்கப்பட்டவர் சங்க நிர்வாகிகளின் திறந்த கூட்டத்தில் மறுபரிசீலனை கோரலாம் என்பதும் கலிபோர்னியச் சட்டமாகும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் அமைத்து வாழ்வோர் அனைவருக்கும் பொருந்தும். பிறர் வீட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறும் பொறுப்பில் அமர்பவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் காட்டும் விதி முன்பே எழுதப்பட்டு அனைவருக்கும் அறிவிக்கப்பட்டதா? என் மறுப்புக்குக் காரணம் அயலாருக்கு நேரும் இடரா, என் சொந்த ரசனையா? எனக்கு வேண்டியவர் இதே வரைபடத்தைக் கொண்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மூன்றாவது கேள்வியே கடினமானது. வரைபடத்தின் மூலையில் உரிமையாளரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு கூரையையும் சுவரையும் மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறும் துணிவு உடையவருக்கே, பிறர் வீட்டைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.