குளத்தில் கரைந்த நான்கு கிராம்

புத்தளத்து உப்பளங்களிலே உப்பை மூட்டை மூட்டையாக நிறுக்கக் கண்டவர்கள் நாம். ஒரு சதுரக் கிலோமீற்றர் பரப்பும் ஒரு மீற்றர் ஆழமும் உள்ள நன்னீர்க் குளத்தில் நான்கு கிராம் உப்பைக் கரைத்துவிட்டு, "இதனை நிறுத்துக் காட்டுக" என்று ஒருவர் சொன்னால் நகைப்போம் அல்லவா?

அச்செயலையே இரசாயன அறிஞர் இன்று செய்துவருகின்றனர். 2024இல் ஐக்கிய அமெரிக்கா குடிநீரில் இரு சேதனப் புளோரீன் சேர்வைகளுக்கு விதித்த உச்ச அளவு இலீற்றருக்கு 4 நனோகிராம். குளத்து உப்பின் அளவும் அதுவே.

இவை கிணற்று நீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைட்டு அல்ல, மனிதர் ஆக்கியவை. நீர் ஒட்டாத துணியிலும் தீயணைக்கும் நுரையிலும் பயன்பட்டவை. காபனும் புளோரீனும் கொண்ட பிணைப்பு மிக வலியது. ஆதலால் இவை எளிதில் அழியா. 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, நம் நாட்டு நகர மக்களின் குருதியில் மட்டுமன்றித் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குருதியிலும் இவை இருத்தலைக் காட்டியது.

அளப்பது எவ்வாறு? நீரிலுள்ள சேர்வைகளை முதலில் செறிவாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பர். பின்னர் அவற்றை மின்னேற்றி, திணிவு நிறமாலைமானியின் வெற்றிடத்தில் செலுத்துவர். பேர்புளோரோஒக்டனோயிக் அமிலத்தின் அயன் அங்கே 413 அலகு நிறை காட்டும். அதனை வாயுவோடு மோதச் செய்தால், 44 அலகுள்ள காபனீரொட்சைட்டை இழந்து 369 ஆகும். பெயரோடு தந்தை பெயரையும் கேட்டு ஆளை அறிவதுபோல, இவ்விரண்டு எண்களாலும் அதனை அறிவர்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. கருவியின் குழாய்களே டெப்லானால் ஆனவையாயின், அவற்றிலிருந்தும் இச்சேர்வைகள் கசியலாம். ஆகவே தூய நீரையும் அதே வழியிற் செலுத்திப் பார்ப்பர். அதிலே தோன்றுவது கருவியின் குற்றம். கிணற்றின் குற்றம் அன்று.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைக் கண்ணாற் கண்டோம். இவற்றையோ காணவும் முடியாது, சுவைக்கவும் முடியாது. கலா ஓயாவும் மீ ஓயாவும் சேரும் புத்தளம் களப்பை நம்பி எத்தனையோ மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆராயாது "நஞ்சு" என்றால் அவர்தம் அடுப்பு அணையும். ஆராயாது "நன்று" என்றால் குழந்தைகளின் குருதி கெடும்.

மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் இக்களப்பு நீரை அளக்க நேரலாம். அன்று களப்பின் கணக்கோடு தூய நீரின் கணக்கையும் சேர்த்தே ஊருக்குச் சொல்லுங்கள். பிறரைக் குறை கூறுமுன் தன் கையைச் சோதித்தறிவதே அறிவியலின் முதற் பாடம்.